3 லட்ச ரூபாய் ஜிப்ஸி வாங்க 4½ லட்சம் கையில வேணும்



செகண்ட் ஹேண்ட் கார் வீடியோ போட்ட மறுநாள் ஓசூர்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். வயசு 28, பிடித்தம் எல்லாம் போக கையில வர்ற சம்பளம் 46,000. "அண்ணா, ஜிம்னி 2023ல லாஞ்ச் ஆனப்பவே ஆரம்ப விலை 12.74 லட்சம், அதுவும் எக்ஸ் ஷோரூம். இங்க ஒரு 2002 மாடல் ஜிப்ஸி 3.4 லட்சத்துக்கு வருது. ஒன்பது லட்சத்துக்கு மேல மிச்சம் ஆகுதே. 3 லட்சம் பர்சனல் லோன் போட்டுக்கறேன், 40,000 கையில இருக்கு. சரிதானே?"

வேண்டாம் தம்பின்னு உடனே சொன்னேன். அவர் விடல. "உங்ககிட்டயே ஒண்ணு இருக்கேண்ணா, வீடியோல பின்னாடி தெரிஞ்சுதே!"

ஆமா, இருக்கு. 1999 மாடல் ஜிப்ஸி கிங், எம்பிஎஃப்ஐ வர்றதுக்கு முந்தின கார்ப்புரேட்டர் வண்டி. 2021 ஜனவரியில 2,60,000 கொடுத்து வாங்கினேன். அதனால "பழைய வண்டி வாங்காதீங்க, அந்தப் பணத்தை எஸ்ஐபில போடுங்க"ன்னு சொல்ற யோக்கியதை எனக்குக் கிடையாது. அப்படிச் சொல்ற ஃபைனான்ஸ் ஆட்களோட எனக்கு உடன்பாடும் இல்ல. சம்பாதிக்கறதே எஸ்ஐபில போடத்தான்னா அப்புறம் எதுக்கு சம்பாதிக்கணும்? ஆனா அந்தத் தம்பி போட்ட கணக்குல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. வாங்கறப்போ நானும் அதே ஓட்டையோடதான் வாங்கினேன். ஆடிட்டர்னு பேரு வேற.

ஜிப்ஸியைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மாருதி இதை 1985ல 970 சிசி இன்ஜினோட இறக்கினாங்க. 1996ல 1.3 லிட்டர் இன்ஜினோட ஜிப்ஸி கிங் வந்துச்சு. 2019ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. தனி சேஸிஸ், முன்னாடியும் பின்னாடியும் லீஃப் ஸ்பிரிங், எடை ஒரு டன் பக்கம், எலெக்ட்ரானிக்ஸ்னு பெருசா ஒண்ணும் கிடையாது. கிங்ல இருக்கறது எஸ்டீம்ல வந்த அதே ஜி13 குடும்பத்து இன்ஜின்ங்கறதால கை வெக்கத் தெரிஞ்ச மெக்கானிக் இன்னும் இருக்காங்க. அதாவது, இந்த வண்டில ரிப்பேர் பண்ணவே முடியாத இடம்னு ஒண்ணும் இல்ல.

சிக்கலே அதுலதான் இருக்கு. ரிப்பேர் பண்ண முடியாத வண்டின்னா ஒரு கட்டத்துல தூக்கிப் போட்டுடுவோம். ஜிப்ஸியை எப்பவும் சரி பண்ணிடலாம். அதனால செலவு நிக்கறதுக்கு ஒரு இடமே வராது.

என் முதல் வருஷ பில்லை அப்படியே சொல்றேன். பிரேக்ல மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், பேட், ஷூ எல்லாம் சேர்த்து 14,500. முன் ஆக்ஸில்ல கிங் பின் பேரிங், நக்கிள் சீல், டை ராட் எண்ட் 17,800. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ் 11,200. டைமிங் பெல்ட்டும் ஆயில் சீலும் 6,400. ஃப்ளோர்ல துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணி அண்டர் கோட்டிங் அடிச்சது 38,000. வயரிங் 9,500. புரொப்பல்லர் கிராஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுன்டிங், சீல் 13,600. அஞ்சு டயர் 29,000. பேட்டரி 5,200. கூட்டினா 1,45,200. வாங்கின விலைல 56 சதவீதம்! இத்தனைக்கும் "வண்டி பக்கா சார், அப்படியே ஊட்டி ஏறலாம்"னு சொல்லித்தான் வித்தாங்க. ஊட்டி ஏறவும் ஏறுச்சு. இறங்கறப்போதான் பிரேக் பெடல் தரை வரைக்கும் போச்சு.

இதுல வெறும் துருவுக்கு மட்டும் 38,000 பாருங்க. பழைய ஜிப்ஸி வாங்கறதுன்னா இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டறதைவிட, மேட்டைத் தூக்கி ஃப்ளோரைப் பாக்கறதுதான் முக்கியம். ஒரு சின்ன காந்தம் எடுத்துட்டுப் போங்க. ஃப்ளோர், கதவுக்கு அடிப்பக்கம், பின் கதவோட கீழ் ஓரம், வீல் ஆர்ச் எல்லாத்துலயும் வெச்சுப் பாருங்க. காந்தம் ஒட்டலன்னா அங்க இருக்கறது தகடு இல்ல, பட்டி. அப்புறம் படுத்து அடில போய் சேஸிஸ்ல வெல்டிங் தழும்பு இருக்கான்னு பாருங்க. இன்ஜினுக்கு ரேட் இருக்கு, கியர் பாக்ஸுக்கு ரேட் இருக்கு. துருப்பிடிச்ச சேஸிஸுக்கு எந்த மெக்கானிக்காலயும் எஸ்டிமேட் கொடுக்க முடியாது, ஏன்னா வெட்ட ஆரம்பிச்சாத்தான் எவ்வளவு போயிருக்குன்னு தெரியும். கடலோர ஊர் வண்டின்னா ரெண்டு தடவை பாருங்க. மலை எஸ்டேட் வண்டின்னா பாடி நல்லா இருக்கலாம், கிளட்ச்சும் பிரேக்கும் கியர் பாக்ஸும் உழைச்சுத் தேஞ்சிருக்கும்.

டெஸ்ட் டிரைவ்ல ஒரு விஷயம். அறுபதுல போகும்போது சின்னக் குழில விட்டா ஸ்டியரிங் கையை உதறுதான்னு பாருங்க. உதறினா "அலைன்மென்ட் பண்ணா சரியாயிடும்"னு சொல்லுவாங்க. பல வண்டில அது கிங் பின் பேரிங் வேலை. எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க, நம்பிட்டேன். நம்பினதோட நிக்காம முதல் மாசமே அஞ்சு டயரையும் புதுசா மாத்தினேன், பாக்க கெத்தா இருக்கணும்னு. ரெண்டே மாசத்துல முன் டயர் ரெண்டும் ஓரம் தேஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் கிங் பின் வேலை பார்த்தோம். வரிசை மாறினதால 11,000 ரூபாய் டயர் பாதி ஆயுசுல போச்சு. முதல்ல நிக்கணும், அப்புறம் திரும்பணும், அப்புறம் சூடாகாம இருக்கணும். பிரேக், ஸ்டியரிங், கூலிங். இந்த மூணும் முடியற வரைக்கும் டயர், எல்இடி லைட் பார், வின்ச் பக்கமே போகாதீங்க.

ஃபோர் வீல் போட்டுப் பாக்கறதையும் விட்டுடாதீங்க. மண் தரைல பாருங்க, தார் ரோட்ல வேண்டாம். இதுல சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது, தார்ல ஃபோர் வீல் போட்டு வளைச்சா டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத்தான் அடி.

இப்ப அந்த ஓட்டைக்கு வர்றேன்.

முதல் வருஷம் முடிஞ்சதும் செலவு குறைஞ்சுது. 2022ல 21,000. 2023ல 18,400. ஆஹா, வண்டி செட் ஆயிடுச்சுன்னு நினைச்சேன். 2024 ஜூன்ல இருந்து ஆகஸ்டுக்குள்ள கியர் பாக்ஸும் கிளட்ச்சும் 31,500, டிரான்ஸ்ஃபர் கேஸ் 14,800, ஆர்சி ரினீவலுக்கு வண்டியைத் தயார் பண்ணிக் காட்டினது, ஃபீஸ், பசுமை வரி எல்லாம் சேர்த்து 21,000. மூணு மாசத்துல 67,300. 2025ல மறுபடி 16,900.

நாலு வருஷத்தையும் கூட்டினா 1,23,600. வருஷ சராசரி 30,900, மாசத்துக்கு 2,575. ஒரு சம்பளக்காரருக்கு மாசம் 2,575 தாங்க முடியாத தொகை இல்ல. ஆனா அந்த 48 மாசத்துல ஒரு மாசம்கூட பில் 2,575 வந்ததே இல்ல. பல மாசம் பூஜ்யம். திடீர்னு ஒரு மாசம் 31,500. சம்பளம் மாசாமாசம் ஒரே அளவா வருது, அதனால நம்ம மூளை ஈஎம்ஐ மாதிரி சீரான செலவுக்குத்தான் பழகியிருக்கு. பழைய வண்டி மாசக் கணக்கு பாக்கறதில்ல. அது எப்பக் கேக்குதோ அப்பக் கொடுக்கணும்.

2024 ஜூலைல என்கிட்ட எக்ஸெல் ஷீட் இருந்துச்சு, ஒவ்வொரு பில்லும் அதுல இருந்துச்சு, ஆனா வண்டிக்குன்னு தனியா ஒரு ரூபா எடுத்து வெச்சிருக்கல. கியர் பாக்ஸ் பிரிச்சுக் கிடக்கு, சாமான் வந்தாச்சு, காசு கொடுக்கணும். நாங்க போட்டுட்டிருந்த நகைச் சீட்டு அந்த மாசம்தான் முடிஞ்சிருந்தது. கடைல நகையா எடுக்கறதுக்காக பேங்க்ல ஒதுக்கி வெச்சிருந்த மீதிப் பணம் கியர் பாக்ஸுக்குள்ள போச்சு. வீட்ல ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்ல. எட்டாவது நாள் ஒரே ஒரு கேள்வி வந்துச்சு: "ஊருக்கெல்லாம் எமர்ஜென்சி ஃபண்ட் வைங்கன்னு சொல்றீங்களே, இது எந்த ஃபண்ட்?" இன்னி வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல.

என் மெக்கானிக் அண்ணன் அப்ப சொன்னது: "கணக்கெல்லாம் உங்களுக்குத் தெரியும்ங்க தம்பி. உங்க கணக்கு வண்டிக்குத் தெரியாதுங்களே."

அந்த மாசமே தனி அக்கவுன்ட் ஆரம்பிச்சேன். சம்பள அக்கவுன்ட் இருக்கற பேங்க் வேண்டாம், வேற பேங்க். மாசம் 3,000 ஆட்டோமேட்டிக்கா போயிடும். 75,000 சேர்ந்ததும் நிறுத்திடுவேன், செலவாகிக் குறைஞ்சா மறுபடி ஆரம்பிக்கும். ஷேர்ல போடலாமா, லிக்விட் ஃபண்ட்ல போடலாமான்னு கேக்காதீங்க. ஆர்டி போதும். இதுல ரிட்டர்ன் முக்கியம் இல்ல, கியர் பாக்ஸ் பிரிச்சுக் கிடக்கறப்போ பணம் இருக்கணும், அவ்வளவுதான்.

இப்ப ஓசூர் தம்பி கணக்கைப் பாருங்க. பெரும்பாலான பேங்க் இவ்வளவு பழைய வண்டிக்கு கார் லோன் தர்றதில்ல, அதனாலதான் எல்லாரும் பர்சனல் லோன் பக்கம் போறாங்க. 3 லட்சம், 14 சதவீதம், 36 மாசம்னா ஈஎம்ஐ கிட்டத்தட்ட 10,250. வட்டி மட்டும் 69,000. மாசம் 400 கிலோமீட்டர் ஓட்டினா பெட்ரோல் 4,100 (லிட்டருக்கு 10 கிடைச்சா சந்தோஷம்). இன்சூரன்ஸ் மாசக் கணக்குல 340. பராமரிப்பு என் சராசரிப்படி 2,600. மொத்தம் 17,290, அவர் சம்பளத்துல 37 சதவீதத்துக்கு மேல. இது வண்டி செட் ஆனதுக்கு அப்புறம் வர்ற கணக்கு. அந்த முதல் வருஷ 56 சதவீதம் எங்க இருந்து வரும்? 3.4 லட்சத்துல பாதின்னு வெச்சாலே 1.7 லட்சம். அது கிரெடிட் கார்டுல இருந்துதான் வரும், இல்லன்னா வண்டி வீட்டு வாசல்ல கவர் போட்டு நிக்கும். வாசல்ல நிக்கற வண்டிக்கும் ஈஎம்ஐ உண்டு.

அதனால என்னோட கருத்து இதுதான். பழைய ஜிப்ஸியைக் கடன்ல வாங்காதீங்க. விலையும் அதுல பாதியும் சேர்த்து, எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம, கையில இருந்தா வாங்குங்க. 4½ லட்சம் இருக்குன்னா 3 லட்ச ரூபாய் வண்டியைப் பாருங்க. 3 லட்சம்தான் இருக்குன்னா 2 லட்ச ரூபாய் வண்டி. அந்த விலைல நல்ல பாடி கிடைக்கலயா, இன்னும் ஒரு வருஷம் சேருங்க. இது உங்க ஒரே வண்டியாவும் இருக்கக் கூடாது. 2024ல என்னுது 41 நாள் ஒர்க்‌ஷாப்ல இருந்துச்சு. தினம் ஆபீஸ் போக ஒரு பைக்கோ பஸ் பாஸோ வேணும்.

"ஆனா ப்ரோ, ஜிப்ஸி விலை ஏறிட்டேதானே இருக்கு, இது இன்வெஸ்ட்மென்ட்"னு நிறைய பேர் சொல்றீங்க. போன வருஷம் என் வண்டியை ஒருத்தர் 4.25 லட்சத்துக்குக் கேட்டார். 2.6க்கு வாங்கி 4.25, 63 சதவீதம் லாபம்னு ரீல்ஸ் போடலாம். நான் போட்டது 2,60,000, அதோட 1,45,200, அதோட 1,23,600. மொத்தம் 5,28,800. பெட்ரோலும் இன்சூரன்ஸும் சேர்க்காமலே ஒரு லட்சத்துக்கு மேல நஷ்டம். அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் 1,700 சொச்சம். கொல்லிமலை கொண்டை ஊசி வளைவுல மேல் துணியைக் கழட்டிட்டுப் போற சுகத்துக்கு மாசம் 1,700 எனக்கு ஓகே. பொழுதுபோக்குச் செலவுன்னு ஒத்துக்கிட்டா உறுத்தல் இல்ல. இன்வெஸ்ட்மென்ட்னு பேர் வெச்சாத்தான் அடுத்த 30,000, அதுக்கடுத்த 30,000ன்னு "இவ்வளவு போட்டாச்சே, இதையும் போட்டுடலாம்"னு தோணிட்டே இருக்கும்.

டேக்ஸ் கேள்வியும் வரும், சொல்லிடறேன். சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கற கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்துக் கணக்குல வராது. லாபத்துக்கு வித்தாலும் கேபிடல் கெயின்ஸ் இல்ல, நஷ்டத்துக்கு வித்தா அதை ஷேர் லாபத்தோட கழிக்கவும் முடியாது. வாங்கி ரெடி பண்ணி விக்கறதையே தொடர்ந்து பண்ணினா அது வியாபாரம், கதை வேற.

பேப்பர் விஷயத்துல கறாரா இருங்க. ஆர்சி 15 வருஷம், அப்புறம் அஞ்சஞ்சு வருஷத்துக்கு ரினீவல். காருக்கு 600 ரூபாயா இருந்த ஃபீஸை 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கினாங்க. 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. ஓசூர் தம்பி பார்த்த 2002 வண்டிக்கு அடுத்த ரினீவல் 2027ல, 10,000 அதுக்குன்னு எழுதி வெச்சுக்கணும். ராணுவ டிஸ்போசல் வண்டி மலிவா வரும். நம்ம பேர்ல மாத்தக்கூடிய சிவிலியன் ஆர்சி கையில இல்லாம அட்வான்ஸ்கூட கொடுக்காதீங்க. கண்டம் ஆன வேற வண்டியோட ஆர்சியை இதுக்கு ஒட்ட வெக்கறவங்களும் இருக்காங்க. சேஸிஸ் நம்பரைப் பேப்பர் வெச்சுப் பென்சில்ல தேய்ச்சு எடுத்து, ஆர்சியோட எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க. இன்ஜின் மாத்தியிருந்தா அது ஆர்சில ஏறியிருக்கணும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தறதுக்கு எதிரா 2019ல உச்ச நீதிமன்றமே தீர்ப்பு கொடுத்திருக்கு, "எல்லாரும் பண்றாங்க ப்ரோ"ங்கறது அங்க செல்லாது.

இன்சூரன்ஸ்ல ஒரு நுணுக்கம். 1000 சிசிக்குள்ள இருக்கற பழைய 970 சிசி வண்டிக்குத் தேர்டு பார்ட்டி 2,094, கிங்குக்கு 3,416, அதுக்கு மேல ஜிஎஸ்டி. இது 2022ல நிர்ணயிச்ச ரேட். ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தா எல்லாம் கிடைச்சிடும்னு நினைக்காதீங்க. பத்து வருஷம் தாண்டின வண்டிக்கு மெட்டல் பாகத்துலயே 50 சதவீதம் தேய்மானம் கழிச்சுட்டுத்தான் கிளைம் வரும், ரப்பரும் பிளாஸ்டிக்கும் எந்த வண்டியா இருந்தாலும் பாதிதான். வண்டி மதிப்பு எவ்வளவுங்கறதும் நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கறதுதான். பேசுங்க, அவங்க போட்ட நம்பர்ல கையெழுத்துப் போட்டுடாதீங்க.

சின்னச் செலவுல பெரிய செலவைத் தள்ளிப் போடற ஒரே வழி எண்ணெய். இந்த வண்டில ஆயில் அஞ்சு இடத்துல இருக்கு: இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். சர்வீஸ்னு விட்டா பல இடத்துல முதல் ஒண்ணை மட்டும் மாத்திட்டு அனுப்பிடுவாங்க. என் டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்தப்போ உள்ள ஆயில்னு சொல்றதுக்கே ஒண்ணும் இல்ல, 14,800 அதுக்குக் கொடுத்த விலை. ஓடையில இறக்கினீங்கன்னா மறுநாள் டிஃபரன்ஷியல் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கான்னு பாருங்க, வெளுத்திருந்தா தண்ணி போயிருக்கு. ஒரு கிரீஸ் கன் வாங்கி புரொப்பல்லர் கிராஸுக்கு நீங்களே கிரீஸ் அடிங்க. ஞாயித்துக்கிழமை அரை மணி நேர வேலை.

ஓசூர் தம்பி என்ன பண்ணினார்னு கேப்பீங்க. காந்தம் எடுத்துட்டுப் போனார். டிரைவர் சீட்டுக்குக் கீழ ஒட்டல. விக்கறவர் 30,000 குறைச்சுக்கறேன்னு சொன்னாராம். தம்பிக்கு ஆசை விடல, வீடியோ கால்ல எனக்குக் காட்டினார், நான் சேஸிஸைக் காட்டச் சொன்னேன், பின் கிராஸ் மெம்பர்ல வெல்டிங் மேல வெல்டிங். திரும்பி வந்துட்டார். இப்ப மாசம் 10,250, அதே ஈஎம்ஐ தொகையை, தனி ஆர்டில போட்டுட்டு வர்றார். "இந்த 10,250 நிஜமாவே இல்லாம குடும்பம் ஓடுதான்னு பாத்துக்கறேண்ணா"ங்கறார். இது ரெண்டாவது மாசம். முதல் மாசமே 2,000 குறைஞ்சுதாம்.

எனக்கு இந்த வாரம் பின் லீஃப் ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ் மாத்தற வேலை இருக்கு. அஞ்சு வருஷ பில் ஷீட்டை வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருக்கேன், காப்பி எடுத்து உங்க நம்பரைப் போட்டுக்கோங்க. புஷ் பில் வந்ததும் அதையும் ஏத்திடறேன்.